ஆள் குறைகிறது, வீடு கூடுகிறது: க்ரூஸ் மாவட்டத்துக் கிராமக் கணக்கில் எங்கே கோளாறு?

தூவானம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். பாரிஸின் வடக்குப் புறநகரில் பதினேழு வருடமாக வாடகை வீட்டில் இருக்கிறேன். இன்னும் மூன்று வருடத்தில் ஓய்வு. அதன் பிறகு பிரான்சின் நடுப்பகுதியில் உள்ள க்ரூஸ் மாவட்டத்தில் ஒரு சின்னக் கிராமத்துக்குப் போய்விடலாம் என்று எனக்கும் மனைவிக்கும் நினைப்பு. வாங்குவதற்கு முன் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பார்க்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. ஒரு குளிர்காலத்தையாவது பார்க்காமல் வீட்டு உறுதிப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க மாட்டாராம்.

சும்மா இருக்க முடியாமல் நாங்கள் கண் வைத்திருக்கும் கொம்யூனின் (ஊராட்சியின்) விவரங்களைப் புள்ளியியல் நிறுவனமான இன்சேயின் தளத்தில் எடுத்துப் பார்த்தேன். இருநூற்றுச் சொச்சம் பேர் உள்ள ஊர். 1968-இலிருந்து ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் ஆள்தொகை இறங்கிக்கொண்டே வருகிறது. வீடுகளின் எண்ணிக்கையோ ஏறிக்கொண்டே வருகிறது. ஆள் போனால் வீடு எப்படிக் கூடும்?

இரண்டாவது குழப்பம் இன்னும் பெரியது. "காலி வீடுகள்" என்ற நிரலில் நல்ல கொழுத்த எண் ஒன்று இருக்கிறது. ஆனால் அந்த ஊரில் வாடகை விளம்பரம் தேடினால் ஒன்றுகூட இல்லை. மெரிக்கு, அதாவது ஊராட்சி அலுவலகத்துக்கு, தொலைபேசியில் கேட்டேன். செயலாளர் அம்மா சிரித்துவிட்டு, "எங்கள் ஊரில் வீடே இல்லை, முசியே" என்றார். யார் சொல்வது சரி, இன்சேயா, செயலாளரா?

வெட்டிப்பேச்சு

காலி வீடுகளில் பேய் குடியிருக்கிறது ஐயா. அது வாடகை தராது. அதனால்தான் விளம்பரம் இல்லை.

கணக்கன்

இரண்டு பேர் சொல்வதும் சரி.

முதல் கேள்விக்கு விடை வீட்டுக்குள்ளே இருக்கிறது. 1968-இல் பிரான்சில் ஒரு வீட்டில் சராசரியாக மூன்று பேருக்குச் சற்று மேல் இருந்தார்கள். இன்று 2.2-ஐ ஒட்டி. உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். அன்று ஊரில் 310 பேர், வீட்டுக்கு 3.1 பேர், ஆக நூறு வீடு. இன்று 220 பேர், வீட்டுக்கு 2.2 பேர், மறுபடியும் நூறு வீடு. தொண்ணூறு பேர் குறைந்திருக்கிறார்கள், ஆனால் ஒரு வீட்டு விளக்குகூட அணையவில்லை. தாத்தா, பாட்டி, மகன், மருமகள், மூன்று பிள்ளைகள் என்று இருந்த பண்ணைவீட்டில் இன்று பாட்டி மட்டும் இருக்கிறார். பேரன் ஊர் விளிம்பில், சாலையோரப் புல்வெளியில் புது வீடு கட்டியிருக்கிறான். நகரத்துக்காரர் ஒருவர் பழைய மாட்டுக்கொட்டிலை வாங்கிக் கோடைக்கால வீடாக்கியிருக்கிறார். ஆள் குறைய வீடு கூடுவது இப்படித்தான்.

இனி இரண்டாவது. இன்சே ஒவ்வொரு வீட்டையும் மூன்று பெட்டிகளில் ஒன்றில் போடுகிறது: முதன்மை வசிப்பிடம், இரண்டாம் வசிப்பிடம் (எப்போதாவது தங்குவதும் இதில் சேரும்), காலி. நாடு முழுவதும் நூறு வீட்டில் ஏறத்தாழ 82 முதன்மை, 10 இரண்டாம், 8 காலி. க்ரூஸில் காலி மட்டும் 15-ஐ ஒட்டி நிற்கிறது. இரண்டாம் வீடுகளையும் சேர்த்தால் மூன்று வீட்டில் ஒன்றுக்குக் கிட்டத்தட்ட யாரும் நிரந்தரமாக இல்லை.

"காலி" என்ற சொல்தான் ஆளை ஏமாற்றும். விற்கவோ வாடகைக்கு விடவோ வைத்திருப்பதும் காலி. ஆள் பிடித்தாகிவிட்டது, இன்னும் குடிவரவில்லை என்றாலும் காலி. வாரிசுப் பிரச்சினை முடியாமல் பூட்டிக் கிடப்பதும் காலி. கூரை இறங்கத் தொடங்கி, சொந்தக்காரர் கைவிட்டதும் காலி. நகரத்தில் முதல் இரண்டு வகை அதிகம். க்ரூஸ் போன்ற இடத்தில் கடைசி இரண்டு. நீங்கள் வாடகை வீடுகளின் எண்ணிக்கை என்று நினைத்துப் பார்த்தது பெரும்பாலும் பூட்டுகளின் எண்ணிக்கை.

ஒரு எச்சரிக்கை. 10,000 பேருக்குக் குறைந்த கொம்யூன்களில் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான் வீடு வீடாக எண்ணுகிறார்கள். இடைப்பட்ட வருடங்களின் எண்கள் மதிப்பீடுகள். 2021-க்குரிய சுற்று கொரோனாவால் ஒரு வருடம் தள்ளிப்போனது. ஆகவே சென்ற வருடம் இரண்டு பேர் கூடினார்கள், இந்த வருடம் மூன்று பேர் குறைந்தார்கள் என்று கிராமத்து எண்களை வருடாவருடம் ஒப்பிட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

கருங்கல் வீடு

கணக்கன் சொன்ன மூன்று பெட்டிகளில் வீடுகளைப் போட்ட கை என் கை. க்ரூஸில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். ஒரு குளிர்காலம் எங்கள் மெரி என்னைக் கணக்கெடுப்பாளராக வைத்துக்கொண்டது. இரகசியம் காப்பதாகக் கையெழுத்திட்டவள், ஆகவே ஊர்ப் பெயரும் இல்லை, ஆள் பெயரும் இல்லை.

ஜனவரி மூன்றாவது வியாழக்கிழமை தொடங்கி நான்கு வாரம். மரப்பலகை ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்கும். சாத்திய ஜன்னலை வைத்து ஆள் இல்லை என்று சொல்லிவிட முடியாது. குளிருக்குப் பயந்து பகலிலும் சாத்தி வைப்பவர்கள் உண்டு. நான் பார்த்தது வாசற்படியை. ஆள் இருக்கும் வீட்டுப் படிக்கட்டில் பாசி நடுவில் தேய்ந்து, ஓரங்களில் மட்டும் இருக்கும். ஆள் இல்லாத வீட்டில் படி முழுக்கப் பச்சை. அடுத்தது விறகு அடுக்கு. இந்த வருடம் வெட்டியது வெளிறி இருக்கும், பத்து வருடத்துக்கு முன் வெட்டியது கறுத்துக் காளான் பூத்திருக்கும். சாவித் துவாரத்தில் சிலந்தி வலை இருந்தால் அதற்குமேல் சாட்சி வேண்டாம்.

சிக்கல் நடுவில் இருப்பவற்றில்தான். ஒரு வீட்டைச் சொல்கிறேன். அந்த அம்மா முதியோர் இல்லத்துக்குப் போய்ப் பல வருடம். பக்கத்து வீட்டுக்காரரிடம் சாவி இருந்தது, உள்ளே கூட்டிப்போனார். சமையலறை மேசையில் எண்ணெய்த்துணி விரித்தபடி, சுவரில் தபால்காரர் விற்றுப்போகும் நாட்காட்டி 2011-இல் நின்றபடி. அலமாரியில் ஜாம் போத்தல்கள், ஒவ்வொன்றிலும் பழத்தின் பெயரும் வருடமும் அவர் கையெழுத்தில். மகன் லியோனிலிருந்து ஜூலையில் ஒரு நாள் வந்து புல் வெட்டி, இரவு தங்கிவிட்டுப் போகிறார். இது இரண்டாம் வசிப்பிடமா, காலியா? மகனிடம் தொலைபேசியில் கேட்டேன். "அது அம்மாவின் வீடு" என்றார். அப்படி ஒரு பெட்டி என்னிடம் இல்லை.

கடைசியில் இரண்டாம் வசிப்பிடம் என்று போட்டேன். எனக்குப் பதில் வேறொருவர் போயிருந்தால் காலி என்று போட்டிருப்பார். நூற்றைம்பது வீடு உள்ள ஊரில் இப்படி எட்டு, பத்து வீடு இருந்தால் விழுக்காடு எங்கே போகும் என்று நீங்களே பாருங்கள்.

வெட்டிப்பேச்சு

அக்கா, எனக்கு இப்போது அந்த ஜாம் போத்தல் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. என்ன பழம்?

கருங்கல் வீடு

மிராபெல். அதாவது சின்ன மஞ்சள் பிளம். தொடவில்லை தம்பி, சட்டப்படி நான் அங்கே வீட்டை எண்ணத்தான் போனேன்.

நொத்தாரிசு மேசை

பதினெட்டு வருடமாக, சொத்துறுதிகள் எழுதும் ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் எழுத்தர். வாரிசுப் பிரச்சினை என்று கணக்கன் ஒரு வரியில் தாண்டிப் போனதில்தான் என் சம்பளம் இருக்கிறது.

பெற்றவர் இறந்ததும் வீடு பிள்ளைகள் எல்லோருக்கும் பிரிபடாமல் போய்ச் சேரும். மூத்தவனுக்கு மேல்மாடி, இளையவளுக்குக் கீழ்வீடு என்பதெல்லாம் கிடையாது. ஒவ்வொரு கல்லிலும் ஒவ்வொருவருக்கும் பங்கு. நம் ஊர் முதுசக் காணியைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. யாரையும் இப்படிக் கூட்டுடைமையில் இருக்கும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று குடியியல் சட்டத்தின் 815-ஆம் பிரிவு சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் விற்பதென்றால் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். வீட்டை வாடகைக்கு விட மூன்றில் இரண்டு பங்கை வைத்திருப்பவர்கள் ஒப்பினால் போதும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் தளர்த்தியது. 2009-இல் இன்னொரு கதவு திறந்தது: மூன்றில் இரண்டு பங்கை வைத்திருப்பவர்கள் நொத்தாரிசு மூலம் விருப்பத்தைத் தெரிவித்து, நீதிமன்ற அனுமதியோடு விற்கலாம்.

ஏன் செய்வதில்லை? பணம்தான் காரணம். பாரிஸில் ஒரு வீட்டுக்காக அண்ணன் தம்பி நீதிமன்றம் போவார்கள். க்ரூஸில் கூரை ஒழுகும் வீட்டின் விலையை ஏழு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு பழைய கார் வாங்கலாம். அதற்காக வழக்கறிஞர் வைப்பார்களா? ஒருவர் கனடாவில், ஒருவர் பத்து வருடமாக மற்றவர்களோடு பேசுவதில்லை, ஒருவர் இறந்து அவர் பங்கு நான்கு பிள்ளைகளுக்கு. அடுத்த தலைமுறையில் ஏழு பதினாறாகிவிடும். வீடு ஒன்றுதான், கையெழுத்துகள்தான் குட்டி போடுகின்றன.

வரியும் இதற்குத் துணை போகிறது. முதன்மை வீட்டுக்கான வசிப்பு வரி 2023 முதல் எல்லோருக்கும் ஒழிந்துவிட்டது. இரண்டாம் வீட்டுக்கு இன்னும் உண்டு. ஆனால் தளபாடம் இல்லாத வீட்டில் வசிக்க முடியாது, ஆகவே அந்த வரியும் இல்லை. கட்டிலையும் மேசையையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு வீட்டைப் பூட்டினவர்களை எனக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு மேல் காலியாக இருக்கும் வீட்டுக்கு வரி போடும் அதிகாரம் கொம்யூன் சபையிடம் இருந்தது. ஆனால் எல்லோரும் எல்லோருக்கும் உறவாக இருக்கும் ஊரில் யார் கை தூக்குவார்?

தூவானம்

நொத்தாரிசு மேசைக்கு நன்றி. படித்துக் காட்டினேன், மனைவி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். என் பங்கில் யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் இருக்கும் வளவு பற்றி நாங்கள் பேசுவதில்லை.

சரி, வாரிசுத் தகராறு இல்லாத, ஒரே சொந்தக்காரர் உள்ள வீடாக இருந்தால்? அவராவது வாடகைக்கு விடலாமே?

கணக்கன்

விடலாம், எரிசக்திச் சான்றில் தேறினால். ஏ முதல் ஜி வரை தரம். ஜி தர வீட்டை 2025 ஜனவரி முதல் புதிதாக வாடகைக்கு விட முடியாது. எஃப் தரத்துக்கு 2028, ஈ தரத்துக்கு 2034. அறுபது சென்டிமீட்டர் கருங்கல் சுவர், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல், மின்சார வெப்பமூட்டி உள்ள வீடு எந்த எழுத்தில் நிற்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். மாதம் முந்நூற்றைம்பது யூரோ வாடகை வரக்கூடிய வீட்டுக்கு நாற்பதாயிரம் யூரோ செலவழித்துத் திருத்தினால் போட்ட பணம் திரும்பவே கிட்டத்தட்டப் பத்து வருடம் ஆகும். கிழவர் பூட்டிவிட்டுப் போய்விடுவார்.

வெட்டிப்பேச்சு

அந்த எழுத்துக்கும் ஒரு வேடிக்கை உண்டு. 2026 ஜனவரி 1-ஆம் தேதி மின்சாரத்தைக் கணக்கிடும் பெருக்கெண்ணை 2.3-இலிருந்து 1.9-ஆக மாற்றினார்கள். சுமார் 8,50,000 வீடுகள் எஃப், ஜி வரிசையிலிருந்து வெளியே வரும் என்று அரசே சொன்னது. ஒரு ஜன்னலைக்கூட யாரும் மாற்றவில்லை. டிசம்பரில் குளிர்ந்த வீடு ஜனவரியில் சூடாகிவிட்டது!

அது கிடக்கட்டும், ஒரு யூரோவுக்கு வீடு தருகிறார்களாமே? தூவானம் ஐயா இரண்டாக வாங்கிவிடலாம்.

நொத்தாரிசு மேசை

ஒரு யூரோ வீடு உண்மைதான். ரூபே நகரம் 2018-இல் தொடங்கியது, அண்மையில் புய்-த-தோம் மாவட்டத்து அம்பேரும் இறங்கியது. ஆனால் வேலைகளை முடிப்பதாக உறுதி தர வேண்டும், முடித்தபின் சில வருடங்களாவது அதையே முதன்மை வசிப்பிடமாக வைத்திருக்க வேண்டும். ஒரு யூரோ என்பது சாவியின் விலை. கூரை, சுவர், குழாய் எல்லாம் தனி.

கிராமத்தில் வாங்குகிறவர்கள் மறக்கும் இன்னொன்று கழிவுத்தொட்டி. பொதுச் சாக்கடை இல்லாத இடத்தில் தொட்டி விதிப்படி இல்லையென்றால், உறுதி எழுதிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வாங்கியவர் சரிசெய்ய வேண்டும். விலை மலிவு என்று துள்ளிக்கொண்டு வந்தவர்கள் அந்தச் செலவு மதிப்பீட்டைப் பார்த்துவிட்டு எங்கள் அலுவலக நாற்காலியில் உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

கருங்கல் வீடு

எங்கள் மேயரின் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், மனிதர் பாவம். அரசு தரும் பொது மானியத்துக்கு ஊர் ஆள்தொகையைக் கணக்கிடும்போது ஒவ்வொரு இரண்டாம் வீட்டுக்கும் ஒரு ஆள் சேர்த்துக்கொள்வார்கள். அந்த ஆளுக்குப் பசிக்காது, பள்ளிக்கூடம் வேண்டாம், வோட்டும் இல்லை. காலி வீட்டுக்கு அப்படி ஒரு நிழல் மனிதர்கூடக் கிடையாது. மேயர் என்னிடம் சொன்னார்: "அந்த அம்மாவின் வீட்டை நீ இரண்டாம் வீடு என்று போட்டது எனக்கு ஒரு ஆள்." நான் தெரிந்து செய்யவில்லை என்று இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

அவருக்கு வேண்டியது பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள். அதற்கு இளம் குடும்பம் வேண்டும், குடும்பத்துக்கு வாடகை வீடு வேண்டும். நாற்பது பூட்டிய வீட்டுக்கு நடுவில் நின்றுகொண்டு, ஊர் எல்லையில் புது மனை பிரிக்க அனுமதி கேட்கிறார். அங்கேதான் வாரிசுகள் இல்லாத நிலம் இருக்கிறது. 2021-ஆம் ஆண்டுச் சட்டம் 2050-க்குள் புதிதாக மண்ணை மூடிக் கட்டுவதை நிகரச் சுழியாக்க வேண்டும் என்கிறது. கிராமத்துக்கு ஒரு ஹெக்டேர் விட்டுக்கொடுத்திருக்கிறார்கள். அதில் நாலைந்து வீடு வந்தால் ஊர் நடுவில் இன்னும் நாலைந்து ஜன்னல் சாத்தும்.

இந்து சமுத்திரம்

இந்து சமுத்திரத்தில் பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவிலிருந்து எழுதுகிறேன். க்ரூஸ் என்ற பெயரைக் கேட்டால் எங்களுக்கு வீட்டு விலை நினைவுக்கு வராது. 1962 முதல் 1984 வரை இந்தத் தீவிலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆள் வற்றிய மாவட்டங்களுக்கு அனுப்பினார்கள். எல்லோரும் க்ரூஸுக்குப் போகவில்லை, ஆனாலும் "க்ரூஸின் குழந்தைகள்" என்ற பெயரே நிலைத்துவிட்டது. பலருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தார்கள். 2014 பிப்ரவரியில் நாடாளுமன்றம் அரசின் தார்மீகப் பொறுப்பை ஏற்றுத் தீர்மானம் போட்டது.

தமிழ் வழி வந்த குடும்பங்கள் நிறைந்த தீவு இது. ஆள்தொகை நிரலைப் பார்க்கும்போது அந்தப் பிள்ளைகளும் ஏதோ ஒரு வருடத்தின் எண்ணில் இருப்பார்கள் என்று தோன்றியது, எழுதினேன்.

கணக்கன்

எழுதியதற்கு நன்றி. எனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனால் இந்த இழையில் அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

ஆள் வற்றிய கதை 1968-க்கும் மிக முந்தையது. 1851-இல் க்ரூஸில் 2,87,000 பேர். இன்று 1,15,000-ஐ ஒட்டி. அந்தக் காலத்திலேயே ஆண்கள் வசந்தத்தில் கொத்தனார் வேலைக்குப் பாரிஸ் போய், குளிர்காலத்தில் திரும்புவார்கள். பாரிஸை இடித்துப் புதிதாகக் கட்டிய காலத்தில் அவர்கள் கைவேலை அங்கே நிறைய. அவர்களில் ஒருவரான மார்த்தேன் நதோ நாடாளுமன்ற உறுப்பினரே ஆனார். கட்டட வேலை நடந்தால் எல்லாம் நடக்கும் என்ற அவர் பேச்சு இன்றும் பிரெஞ்சில் பழமொழி. பிறகு ரயில் வந்தது, மனைவி பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். ஊரில் அவர்கள் தமக்காகக் கட்டிய வீடுகளைத்தான் தூவானம் இப்போது விளம்பரத்தில் தேடுகிறார்.

கருங்கல் வீடு

எல்லா ஊரும் ஒன்றல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மில்வாஷ் பீடபூமியில் ஃபோ-லா-மொந்தாஞ் என்று ஒரு ஊர். சுமார் நானூறு பேர். எண்பதுகளின் கடைசியில் சில இளைஞர்கள் கூட்டாக ஒரு மர அறுப்பாலை தொடங்கினார்கள், அதைச் சுற்றி ஆட்கள் சேர்ந்தார்கள். அங்கே பிரச்சினை தலைகீழ்: வர விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், வீடு இல்லை. அதற்காகவே ஒரு கூட்டுறவு அமைப்பு உண்டாக்கி, பழைய கட்டடங்களைத் திருத்தி வாடகைக்கு விடுகிறார்கள். வேலை முதலில் வந்தது, ஆள் பின்னால், வீடு கடைசியாக. எங்கள் பக்கத்தில் வீட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டுக்கும் காத்திருக்கிறோம்.

தூவானம் அண்ணா, இணையத்தில் தேடாதீர்கள். ஒரு வார நாளில் நேரில் போய் மெரியில் நில்லுங்கள்.

தூவானம் (ஐந்து வாரம் கழித்து)

போய் வந்தோம். ஓஸ்தர்லிட்ஸ் நிலையத்தில் ரயில் ஏறி லா சூத்தெரேனில் இறங்கி, அங்கிருந்து வாடகைக் கார். ஊருக்குள் நுழைந்ததும் மனைவி வாசற்படிகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். "இது ஆள் இல்லை, இது ஆள் இருக்கு, இது சந்தேகம்" என்று தெரு முழுக்க எண்ணிக்கொண்டே வந்தார். கருங்கல் தங்கச்சி, இந்தப் பழக்கத்தைக் கற்றுக்கொடுத்தது நீங்கள்.

மெரி வாரத்தில் இரண்டு பிற்பகல்தான் திறக்கும். அதே செயலாளர் அம்மா. தொலைபேசியில் கேட்டவன் நான்தான் என்று சொன்னதும் மறுபடியும் சிரித்தார், ஆனால் இந்தத் தடவை காப்பி கொடுத்தார். எங்கிருந்து வருகிறோம், இரண்டு பேருக்கும் கார் ஓட்டத் தெரியுமா, குளிர்காலத்தைப் பார்த்திருக்கிறோமா என்று விசாரணை. மூன்றாவது கேள்விக்கு மனைவியே பதில் சொன்னார். அது அவருக்குப் பிடித்துவிட்டது போலும். மேயரைக் கூப்பிட்டார். மேயர் டிராக்டரில் வந்தார்.

பழைய பள்ளிக்கூடத்துக்கு மேல்மாடியில் ஒரு வீடு. முன்பு ஆசிரியருக்கு என்று கட்டியது, கொம்யூனுக்குச் சொந்தம். கூரைக்குக் கீழே பஞ்சு அடைத்து ஜன்னல் மாற்றியிருக்கிறார்கள், சான்றில் டி. இப்போது இருப்பவர் டிசம்பரில் போகிறார். மார்ச் 1 முதல் எங்களுக்கு. முன்கூட்டியே ஓய்வு வாங்க முடியுமா என்று நான் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதுவரை மாதத்தில் பாதி அங்கே, பாதி இங்கே. ஊரில் மொத்தம் வாடகைக்குக் கிடைத்த வீடு இது ஒன்றுதான்.

கருங்கல் வீடு

மகிழ்ச்சி அண்ணா! விறகு இப்போதே சொல்லி வையுங்கள். ஓக் கேளுங்கள், இரண்டு வருடம் காய்ந்ததா என்றும் கேளுங்கள். காய்ந்தது என்றுதான் சொல்வார்கள், ஒன்றோடு ஒன்றைத் தட்டிப் பாருங்கள், கணீரென்று கேட்க வேண்டும்.

அந்த ஊருக்குக் கணக்கெடுப்பு எப்போது?

தூவானம்

வரும் ஜனவரியில். செயலாளர் அம்மா ஆள் தேடிக்கொண்டிருக்கிறார்.

கணக்கன்

டிசம்பரில் அவர் போய்விடுவார், நீங்கள் மார்ச்சில்தான் வருவீர்கள். ஜனவரியில் படியேறிப் பார்க்கிறவர் உங்கள் வீட்டைக் "காலி" என்றுதான் போடுவார்.

வெட்டிப்பேச்சு

ஆக அந்தப் பேய் தூவானம் ஐயாதான்.